கொத்தடிமை முறை: சட்டம் ஒழித்த பிறகும் அரசு ஏன் கண்டுபிடிப்பதில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: கொத்தடிமைத் தொழிலாளர் முறையை ஒழிக்கும் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆனாலும் செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் மீட்கப்பட்டார்கள் என்ற செய்தி ஆண்டு தவறாமல் வருகிறது. இது அரசுக்குத் தெரியாமல் நடக்கிறதா, தெரிந்தே நடக்கிறதா? தெரிந்தேதான் என்றால் ஏன் நிறுத்த முடியவில்லை? நம் கண்ணில் பட்டால் என்ன செய்வது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்தே நடக்கிறது; ஆனால் யாரோ சிலர் கூடிச் சதி செய்து நடத்துவதாக எண்ண வேண்டியதில்லை. ஒரு வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ தம் எல்லைக்குள் கொத்தடிமைகள் இருப்பதாக எழுதினால் அவருக்கு வேலைப்பளுவும் வழக்கும் மேலிடத்துக் கேள்விகளும் உள்ளூர்ப் பகையும் வந்து சேரும். இல்லை என்று எழுதினால் ஒன்றும் வராது. ஐம்பது ஆண்டுகளாக இந்த நிலையை எந்த ஆட்சியும் மாற்றவில்லை என்பதையே அரசின் முதல் தோல்வியாக நான் கருதுகிறேன். பணம் போதவில்லை, ஆட்கள் போதவில்லை, தண்டனை குறைவு என்பவை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

சட்டத்தைப் படித்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோல்வி இன்னும் விளங்காமல் போகும். நெருக்கடி நிலைக் காலத்தில், இந்திரா காந்தியின் இருபது அம்சத் திட்டத்தின் ஒரு பகுதியாக, 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976 பிப்ரவரி 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இந்தச் சட்டம், ஏட்டளவில் மிகக் கடுமையானது. அதன் 4ஆம் பிரிவு நாட்டிலுள்ள கொத்தடிமைத் தொழிலாளர் அனைவரையும் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலேயே விடுவித்துவிட்டது. 6ஆம் பிரிவு அவர்களது கடனை இல்லாமல் ஆக்கியது. அப்படி அழிந்துபோன கடனுக்காக யாராவது பணம் வாங்கினால் 9ஆம் பிரிவின்படி அவருக்கு மூன்றாண்டு வரை சிறை. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் தலையில் வைக்கிறது. ஏழையின் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் சட்டங்கள் நம் நாட்டில் அதிகமில்லை.

அதைவிட முக்கியமானது, கொத்தடிமை என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம். அதில் சங்கிலி, பூட்டு, சவுக்கடி எதுவும் தேவையில்லை. முன்பணம் வாங்கியதாலோ, பெற்றோர் வாங்கிய கடனாலோ, பிறந்த சாதியாலோ ஒருவர் வேலை செய்யக் கட்டுப்பட்டு, அதன் விளைவாகக் கூலியில்லாமல் அல்லது பெயரளவுக் கூலிக்கு உழைத்தாலோ, வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலோ, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையை இழந்தாலோ, தன் உழைப்பையும் விளைபொருளையும் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்தாலோ, அவர் கொத்தடிமைத் தொழிலாளர்தான். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். பெயரளவுக் கூலி என்றால் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது. ஒப்பந்தத் தொழிலாளரும் வெளிமாநிலத் தொழிலாளரும் இதற்குள் அடங்குவர் என்று 1985இல் ஒரு விளக்கமும் சேர்க்கப்பட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றும், பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் ஆக்குவதும் ஒரு கட்டாயமே என்றும் தீர்ப்பளித்தது.

இனிச் சூளைக்கு வருவோம். செங்கல் சூளை வேலை மழை ஓய்ந்த பிறகு தொடங்கிக் கோடை முடிய நடக்கும். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா, களஹாண்டி மாவட்டங்களிலிருந்து திருவள்ளூர்ப் பக்கம் வருபவர்களுக்கு அறுவடைத் திருவிழாவையொட்டிக் கையில் காசில்லாத நேரத்தில் சர்தார் என்னும் தரகர் முன்பணம் கொடுப்பார். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மேஸ்திரி கொடுப்பார். பணம் கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ பழைய பாக்கிக்கோ போய்விடும். அதன் பிறகு கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் என்று குடும்பமே ஓர் ஆளாகக் கணக்கில் வந்துவிடும். இந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு குடும்பம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறது. ஆயிரம் கல் அறுத்தால் 700 ரூபாய். இருவருமாக நாளுக்கு ஆயிரம் கல் அறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளில் 4,200 ரூபாய். அதில் சோற்றுக்கு வாரச் செலவாக 1,200 கையில் கொடுத்துவிட்டு மீதி 3,000 ரூபாயை முன்பணத்தில் கழிப்பதாகச் சொல்வார்கள். உண்மையில் கழித்தால் பதினான்கு வாரத்தில் கடன் தீர்ந்து, அதற்கு மேல் செய்யும் வேலைக்கெல்லாம் கூலி கையில் வர வேண்டும். ஆனால் முதலாளியின் நோட்டில் வேறு கணக்கு ஓடுகிறது. ஆயிரத்துக்கு மேல் நூறு கல் உடைசலுக்கென்று எண்ணாமல் விடப்படும். காயப்போட்ட கல் மழையில் கரைந்தால் அந்த நட்டம் அறுத்தவருடையது. மேஸ்திரியின் தரகு, ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த கைமாற்று, வந்த லாரிக் கூலி எல்லாம் பற்றில் ஏறும். சூளை வேலை முடியும் கோடைக் கடைசியில், ஊருக்குப் போகும் முன் கணக்கு முடிக்கும்போது, பதினைந்தாயிரம் பாக்கி நிற்கிறது என்பார்கள். நோட்டு எப்போதும் முதலாளியிடம்தான் இருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்து தனியாக எழுதி வைத்திருந்தாலும் அது கணக்கில் சேராது. அடுத்த பருவத்துக்கு அந்தப் பதினைந்தாயிரத்தின் மேல் புது முன்பணம் ஏறும். இரண்டு பேர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உழைத்த உழைப்புக்கு இந்தத் தொகையை வகுத்துப் பார்த்தால் அது குறைந்தபட்சக் கூலியின் பக்கத்தில்கூட வராது என்பதை, பெருக்கல் வகுத்தல் தெரிந்த எந்த அதிகாரியும் கால் மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம்.

கண்டுபிடிப்பதில்லை என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். வட மாவட்டம் ஒன்றில் சூளையிலிருந்து அழைத்து வரப்பட்ட குடும்பங்களின் விசாரணையின்போது நான் உடனிருந்தேன். சூளைக்காரருக்கு அலுவலகத்துக்குள் நாற்காலி போடப்பட்டிருந்தது. தொழிலாளர்கள் அதே அறையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். “உங்களை யாராவது அடிச்சாங்களா?” “இல்லைங்கய்யா.” “கட்டி வெச்சாங்களா?” “இல்லைங்கய்யா.” “வாராவாரம் காசு குடுத்தாங்களா?” “குடுத்தாங்கய்யா.” “அட்வான்ஸ் வாங்கினீங்களா?” “வாங்கினோம்யா.” “அப்புறம் என்ன?” வாக்குமூலம் அத்தோடு முடிந்தது. எல்லாரும் தாமாக விரும்பி வந்து வேலை செய்தவர்கள், இது கூலித் தகராறு, தொழிலாளர் துறைக்கு அனுப்பலாம் என்று குறிப்பு எழுதத் தொடங்கினார்கள்.

பிற்பகலில் ஒரு பெண் அலுவலர் அந்தக் குடும்பத்துப் பெண்களை வெளியே மரத்தடிக்கு அழைத்துப்போய்ப் பேசினார். அவர் கேட்டதெல்லாம், கடைசியாக ஊருக்கு எப்போது போனாய், யாரெல்லாம் போனீர்கள் என்பதுதான். அம்மா செத்ததற்குப் போனேன், பெரிய பையனைச் சூளையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், மூன்றாம் நாள் திரும்பிவிட்டேன் என்றார் அந்தப் பெண். பையன் பிணையாக நிறுத்தப்பட்டான் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அது புகாராகவே தோன்றவில்லை, முன்பணம் வாங்கினால் அப்படித்தான் என்ற தோரணையில் சொன்னார். போய்வரும் உரிமை பறிபோனதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. காலையில் கேட்ட கேள்விகளில் சட்டம் கேட்கச் சொன்ன ஒன்றுகூட இல்லை என்பதையும், கேட்டவர் அந்தச் சட்டம் அறியாதவர் அல்லர் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இது ஏதோ ஓர் அலுவலகத்தின் பழக்கம் அல்ல. ஹரியானாவின் ஃபரிதாபாத் கல் குவாரித் தொழிலாளர்களுக்காகப் பந்துவா முக்தி மோர்ச்சா அமைப்பு தொடுத்த வழக்கில் மாநில அரசே இதுபோன்றதொரு மறுப்பைத்தான் வைத்தது: கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்டிருக்கலாம், ஆனால் முன்பணம் பெற்றது நிரூபிக்கப்படாததால் அவர்கள் கொத்தடிமைகள் ஆகமாட்டார்கள் என்றது. 1983 டிசம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி பி.என். பகவதி, கட்டாய உழைப்பு நடந்ததென்று தெரிந்தால் அதன் பின்னால் முன்பணமோ வேறு பொருளாதாரக் கைமாறோ இருக்கிறது என்றே ஊகிக்க வேண்டும், அப்படி இல்லை என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு, அரசின் பொறுப்பும்கூட என்றார். குவாரிக் குத்தகைதாரர் விசாரணையைத் தடுக்கப் பார்ப்பது புரிகிறது, ஓர் அரசு ஏன் தடுக்கப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்றும் விடை வரவில்லை. நாற்பது ஆண்டுக்குப் பின்னும் ‘கூலித் தகராறு’ என்ற குறிப்பின் வடிவில் அதே மறுப்பு நம் வட்டாட்சியர் அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது.

எண்ணிக்கைகளை வைத்துப் பார்த்தால் இந்த மறுப்பின் அளவு தெரியும். 1978இல் காந்தி அமைதி நிறுவனமும் தேசியத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பு, பத்து மாநிலங்களில் ஏறத்தாழ 26 லட்சம் கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னது. அரசின் தேசிய மாதிரி ஆய்வு அதே காலத்தில் மூன்றரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு என்றது. தமிழ்நாட்டில் உச்ச நீதிமன்ற வழக்கையொட்டி 1995இல் அமைந்த ஆணையக் குழு மாநிலத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் இருப்பதாக அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு மாநில அரசு தானே எண்ணிப் பார்த்துச் சுமார் 25,000 பேரைக் கண்டது. இந்த இரு எண்களில் எது சரி என்று வாதிடலாம். ஆணையத்தின் கணக்கு மதிப்பீடுதான், ஆள் ஆளாக எண்ணியது அல்ல. ஆனால் நாற்பது மடங்கு வேறுபாடு எண்ணுபவரின் திறமையால் மட்டும் வருவதில்லை. யாரை எண்ணுவது என்ற முடிவால் வருவது. மத்திய அரசு 2016இல், 2030க்குள் 1.84 கோடிப் பேரைக் கண்டறிந்து விடுவிக்கப்போவதாக நாடாளுமன்றத்தில் இலக்கு வைத்தது. 1978 முதல் 2023 தொடக்கம் வரை நாடு முழுவதும் விடுவிக்கப்பட்டதாக அரசு காட்டும் மொத்தத் தொகை ஏறக்குறைய 3.15 லட்சம். இலக்கை வைத்தவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

கண்காணிப்புக் குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலும், அதற்குக் கீழே கோட்ட அளவிலும், பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர் மூவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்ட குழு இருக்க வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. பல இடங்களில் அது உத்தரவில் மட்டும் இருக்கிறது. கூடினாலும், கொத்தடிமை யாரும் இங்கே இல்லை என்று ‘இன்மை அறிக்கை’ அனுப்புவதோடு வேலை முடிகிறது. மூன்றாண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் உத்தரவிட்டதும் பெரும்பாலும் இந்த வழியிலேயே போயிற்று. ஆண்டுதோறும் பிப்ரவரி 9 அன்று அரசு அலுவலகங்களில் கொத்தடிமை முறை ஒழிப்பு உறுதிமொழி மட்டும் தவறாமல் எடுக்கப்படுகிறது.

ஒரு குடும்பம் உண்மையிலேயே மீட்கப்பட்டால் அதற்கு உயிர்நாடி விடுவிப்புச் சான்றிதழ். இந்த ஒற்றைத் தாள் இருந்தால்தான் கடன் ரத்தானது என்று சொல்ல முடியும், உடனடி உதவித் தொகை கிடைக்கும், வழக்கு நிற்கும். அது இல்லாமல் பேருந்து ஏற்றி ஊருக்கு அனுப்பப்பட்டவர் அதிகாரிகளின் கண்ணில் கடனைத் திருப்பித் தராமல் ஓடிப்போனவர். முதலாளி அவர்மேல் மோசடிப் புகார் கொடுக்க, காவல் துறை ஊருக்கே போய் அழைத்து வந்து, “அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துட்டுப் போ, இல்லேன்னா வேலைக்கு வா” என்று பஞ்சாயத்துப் பேசிய நிகழ்வுகள் இத்துறையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். மேலே சொன்ன 9ஆம் பிரிவை இதோடு சேர்த்துப் படித்தால், அந்தப் பணத்தை வாங்கும் முதலாளி மட்டுமல்ல, வாங்கிக் கொடுக்கும் காவலரும் குற்றத்துக்கு உடந்தைதான். எந்தக் காவலர் மீதாவது அந்தப் பிரிவு பாய்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பண உதவியின் கதை தனிச் சிக்கல். 1978இல் ஆளுக்கு 4,000 ரூபாய் என்று தொடங்கிய மத்தியத் திட்டம் 2016இல் திருத்தப்பட்டு, ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நேர்வுகளில் மூன்று லட்சம் என்று உயர்த்தப்பட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீட்டவுடன் கிடைப்பது ஒரு சிறு பகுதிதான். அது இப்போது 30,000 ரூபாய் வரை. மீதிப் பணம் முதலாளி மீதான வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கோ ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பலாங்கீருக்குத் திரும்பிவிட்ட சாட்சி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலையை விட்டுத் திருவள்ளூர் வந்துபோக வேண்டும். வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. குற்றம் ஜாமீனில் விடத்தக்கது. 16ஆம் பிரிவின் அதிகபட்ச அபராதம் 1976இல் எழுதப்பட்ட 2,000 ரூபாய்தான், இன்றுவரை மாறவில்லை. அந்தக் காலத்தில் அது ஒரு தொகை. இன்று ஒரு லோடு செங்கல்லின் விலையோடு ஒப்பிட்டால் அது வண்டி வாடகைக்கும் தேறாது. தண்டனை வாங்கித் தருவது அரசு வழக்கறிஞரின் கடமையாக இருக்க, அவர் தோற்றால் இழப்பு மட்டும் தொழிலாளிக்கு என்பதை ஒரு மறுவாழ்வுத் திட்டமாக எப்படி எழுதினார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுவாழ்வு இல்லாத விடுதலையைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1984லேயே நீரஜா சவுத்ரி வழக்கில் எச்சரித்திருந்தது. ஃபரிதாபாத் குவாரிகளிலிருந்து விடுவிக்கப்பட்டு மத்தியப் பிரதேசத்துக்குத் திரும்பிய தொழிலாளர்கள் ஆறு மாதம் ஆகியும் எந்த உதவியும் பெறாமல் பட்டினியின் விளிம்பில் இருந்ததை ஒரு பத்திரிகையாளர் நேரில் கண்டு வழக்காக்கினார். விடுவித்தால் மட்டும் போதாது, வாழவைக்க வேண்டும், இல்லையேல் அவர்கள் மறுபடி அதே கட்டுக்குள் போய் விழுவார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அரிசி ஆலைகளிலிருந்து மீட்கப்பட்ட இருளர் பழங்குடிக் குடும்பங்கள் சில ஆண்டுகளில் வேறோர் ஆலையில் அதே வேலையில் இருப்பதைக் கண்டு இத்துறையில் யாரும் திடுக்கிடுவதில்லை.

இருளரைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழகத்தின் வட மாவட்டங்களில் மீட்கப்படும் உள்ளூர்க் குடும்பங்களில் அவர்கள்தான் மிகுதி. பாம்பும் எலியும் பிடித்தும் காட்டுப் பொருள் சேகரித்தும் வாழ்ந்தவர்களுக்கு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் விற்பனை குற்றமாயிற்று. வடநெம்மேலியின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சில நூறு பேருக்கு வழி செய்தது, மற்றவர்கள் ஆலைக்கும் சூளைக்கும் சவுக்குத் தோப்புக்கும் போனார்கள். பட்டா இல்லை, பல குடும்பங்களுக்குக் குடும்ப அட்டை இல்லை, பழங்குடிச் சான்றிதழுக்கு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். வங்கி தராத ஆயிரம் ரூபாயை மரம் வெட்டும் முதலாளி தருகிறார். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 16 குழந்தைகள் உட்பட 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டபோது, முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடு முழுவதும் பரவியது. அவரது கடன் ஆயிரம் ரூபாய் என்பது அப்போது வெளிவந்த செய்தி. படத்தைப் பார்த்து உருகியவர்கள் பலர். பக்கத்து ஊர்த் தோப்புக்குள் ஆண்டுக்கணக்கில் குடும்பங்கள் கட்டுண்டு கிடந்தது கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் தெரியாமல் இருந்திருக்குமா என்று கேட்டவர்கள் குறைவு.

இருளருக்கு வாக்கு இருந்தும் செல்வாக்கு இல்லை; ஒடிசாக்காரருக்கு இங்கே வாக்கே இல்லை. மறுபக்கம், சூளைக்காரரும் குவாரிக் குத்தகைதாரரும் உள்ளூர்க் கட்சிக்காரராகவோ, கட்சிக்கு நன்கொடை தருபவராகவோ இருப்பது வழக்கம். மீட்பு நடக்கும் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் பணிக்குப் புதிதாக வந்த, அந்த ஊரோடு தொடர்பில்லாத ஒரு சார் ஆட்சியரின் துணிவு அங்கே இருக்கும். அவர் மாற்றலாகிப் போனதும் கோப்பு உறங்கும். ஒரு தனி மனிதரின் மனச்சாட்சியை நம்பி ஒரு சட்டம் நடப்பதை நிர்வாகம் என்று சொல்ல முடியாது.

நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்தது இதன் நவீன வடிவம். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் இறுதியில் திருமணத்துக்கென்று ஒரு மொத்தத் தொகை என்று சொல்லி, கிராமத்துப் பெண்பிள்ளைகளைக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து ஆலைகளுக்கு அழைத்துவந்தார்கள். இங்கே முன்பணம் கிடையாது; கூலியின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொண்டு, நடுவில் போனால் அது கிடைக்காது என்பதுதான் கட்டு. வெளிநாட்டு ஆடை நிறுவனங்களுக்குக் கெட்ட பெயர் வந்தபோதுதான் இதில் அசைவு ஏற்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அரசால் முடியவே முடியாதா என்றால், முடிந்த இடங்கள் இருக்கின்றன. தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள் முறை சாணிப்பாலும் (தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்கவைப்பது) சவுக்கடியுமாக வேரூன்றியிருந்தது, 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்டுகள் விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டிய பிறகே மிராசுதாரர்களோடு மன்னார்குடி ஒப்பந்தமும், 1952இல் ராஜாஜி அரசின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. சூளைத் தொழிலாளர் ஆறு மாதம் ஓரிடம், ஆறு மாதம் வேறிடம் என்று சிதறிக் கிடப்பதால் அப்படிச் சங்கம் கட்டுவது கடினம், அது முதலாளிகளுக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொன்று புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கல் குவாரிகளில் குத்தகைதாரரிடம் கட்டுண்டு உடைகல் உடைத்துவந்த ஏழைப் பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளின் குத்தகை கொடுக்கப்பட்டது. நாலாயிரம் பெண்கள் அளவுக்கு அதில் பங்குபெற்றார்கள். அறிவொளி இயக்கத்தில் அவர்கள் எழுத்தும் கணக்கும் கற்றார்கள், நோட்டு அவர்கள் கைக்கு வந்தது. விடுவிப்பு, உதவித் தொகை என்ற வழக்கமான பாதையில் போகாமல், கட்டி வைத்திருந்த சொத்தையே கட்டப்பட்டவர் கையில் கொடுத்த ஏற்பாடு அது. ஆட்சியர் மாறிய பிறகு குத்தகைதாரர்களின் நெருக்குதல் வென்றது. அரசாணையாக மாறாத ஓர் ஏற்பாட்டுக்கு அவ்வளவுதான் ஆயுள்.

வெளிநாட்டில் பிரேசிலைச் சொல்லலாம். 1995இல் அந்நாடு தொழிலாளர் ஆய்வாளர், அரசு வழக்கறிஞர், காவலர் சேர்ந்த நடமாடும் குழுக்களைத் தலைநகரிலிருந்தே இயக்கத் தொடங்கியது. உள்ளூர்ப் பெரிய மனிதருக்கு அஞ்சும் அதிகாரியை நம்பியிருக்க வேண்டாம் என்பதே அதன் நோக்கம். 2003 முதல், நிர்வாக விசாரணையில் குற்றம் உறுதியான முதலாளிகளின் பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது. பட்டியலில் இருப்பவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. மீட்கப்பட்டவருக்கு, வழக்கின் முடிவுக்குக் காத்திராமல், மூன்று மாதம் வேலையின்மை உதவித் தொகை தரப்படுகிறது. அங்கும் அடிமை உழைப்பு ஒழியவில்லை. ஆனால் மீட்கப்பட்டோர் தொகை அறுபதாயிரத்தைத் தாண்டியதற்குக் காரணம், தேடுவதையே வேலையாகக் கொண்ட ஆட்களை அரசு வைத்திருக்கிறது என்பதுதான். நம் மாவட்டங்களில் அந்த ஆள் யார் என்று கேட்டால், பட்டா மாறுதல், வெள்ள நிவாரணம், தேர்தல், கோயில் திருவிழாப் பாதுகாப்பு எல்லாவற்றையும் பார்க்கும் அதே கோட்டாட்சியர்தான்.

ஆகவே செய்ய வேண்டியவை எவை என்பதில் எனக்குக் குழப்பமில்லை. உதவித் தொகையை வழக்கின் முடிவிலிருந்து முழுவதும் அவிழ்க்க வேண்டும். சான்றிதழ் மறுக்கப்பட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதன்மேல் முறையீடு இருக்க வேண்டும். கொத்தடிமையைக் கண்டுபிடித்த மாவட்டத்தை மேலிடம் கடிந்துகொள்வதை நிறுத்தி, சூளைகளும் குவாரிகளும் நிறைந்த ஒரு மாவட்டம் ‘இன்மை அறிக்கை’ அனுப்பினால் அதைச் சோதிக்க வெளி மாவட்டக் குழுவை அனுப்ப வேண்டும்.

கேட்டவரின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சூளையிலோ ஆலையிலோ சந்தேகம் வந்தால் முதலாளியிடம் போய்ப் பேசாதீர்கள். அன்று இரவே ஆட்களை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள். காவல் நிலையத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு, நகலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். மனுவில் அடி உதையைத் தேடி எழுத வேண்டாம். முன்பணம் எவ்வளவு, நோட்டு யாரிடம் இருக்கிறது, வாரச் செலவு எவ்வளவு, குடும்பம் முழுவதுமாகச் சேர்ந்து கடைசியாக எப்போது ஊருக்குப் போனது, குழந்தைகள் வேலை செய்கிறார்களா என்ற விவரங்களை எழுதுங்கள். தொழிலாளரை முதலாளியும் மேஸ்திரியும் இல்லாத இடத்தில், அவர்கள் பேசும் மொழி தெரிந்தவரை வைத்து விசாரிக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒடியா பேசுபவருக்கு மேஸ்திரியே மொழிபெயர்ப்பாளராக இருந்த விசாரணைகளும் நடந்திருக்கின்றன. மீட்கப்பட்டவர்கள் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால், கட்டாய உழைப்பைக் குற்றமாக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவையும், ஆள்கடத்தல் பிரிவையும் முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். அவை இருந்தால் ஜாமீன் எளிதல்ல. விடுவிப்புச் சான்றிதழ் கையில் வரும்வரை அந்தக் குடும்பத்தைப் பேருந்து ஏற்ற விடாதீர்கள்.